வெயிலோடு மல்லுக்கட்டும் கூரை

பசுமைக்குடில் விவசாயியின் மொத்த முதலீடும் தலைக்கு மேல் விரித்த ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளை நம்பியிருக்கிறது. அந்தத் தாளின் ஆயுளோ, கண்ணுக்குத் தெரியாத சில கிலோ ரசாயனத்தின் கையில்.

ஜனவரி பிறந்தால் புனேயை அடுத்த மாவள் தாலுகாவில் ஓய்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. தலேகாவ் தாபாடேயைச் சுற்றிச் சரிவுகளிலும் சமவெளியிலும் வரிசை வரிசையாக நிற்கும் வெள்ளைக் கூரைகளுக்கு அடியில் ரோஜா தயாராகிக்கொண்டிருக்கும். காதலர் தினத்துக்கு முந்திய இரண்டு, மூன்று வாரங்களில் மொட்டு சரியான பதத்தில் வந்தால் ஏற்றுமதி. நாலு நாள் தள்ளிப்போனால் உள்ளூர்ச் சந்தை. எனவே தண்டின் நீளம், இதழின் நிறம், டச்சு ரகம், விமானக் கட்டணம் என்று எல்லாவற்றைப் பற்றியும் அங்கே விவாதம் நடக்கும். கூரையைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை, அது கிழிகிற வரையில்.

அந்தக் கூரையின் கனம் 200 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. மழை, காற்று, ஆலங்கட்டி, புழுதி எல்லாவற்றுக்கும் செடிகளுக்கும் நடுவே நிற்பது அது ஒன்றுதான். அதற்கு உண்மையான எதிரி மழையோ காற்றோ அல்ல. எந்த வெயிலை உள்ளே விடுவதற்காக அதை மேலே விரித்தார்களோ, அதே வெயில்தான்.

பணத்தின் கணக்கில் பார்த்தால் விஷயம் விளங்கும். மத்திய அரசின் ஒருங்கிணைந்த தோட்டக்கலை மேம்பாட்டு இயக்கம் 2014-ல் வெளியிட்ட செலவு வரையறையின்படி, இயற்கைக் காற்றோட்டம் உள்ள இரும்புக் குழாய்க் குடிலுக்கு, 2,080 சதுர மீட்டருக்கு மேல் 4,000 சதுர மீட்டர் வரை, சதுர மீட்டருக்கு ரூ.844. சுமார் ஒரு ஏக்கரான 4,000 சதுர மீட்டருக்கு ரூ.33.76 லட்சம். பாதி மானியம் கிடைத்தாலும் மீதிப் பாதி பெரும்பாலும் வங்கிக் கடன்தான். இரும்புச் சட்டம் பதினைந்து, இருபது வருஷம் நிற்கும். ஆனால் தாள்? நல்லதாக இருந்தால் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டு. மட்டமாக இருந்தால் இரண்டாவது கோடையிலேயே மடிப்புகளில் கீறல் விழும், மூன்றாவது பருவமழையில் பட்டம் போலப் பறக்கும். கூரை போன பிறகு ரோஜாவுக்கும் திறந்தவெளிப் பூவுக்கும் வித்தியாசம் இல்லை. கடன் தவணைக்கு மட்டும் மாற்றம் கிடையாது.

வெயில் செய்யும் வேலை

பூமியின் தரையை வந்தடையும் சூரிய சக்தியில் புற ஊதாக் கதிர்களின் பங்கு சுமார் 5 சதவீதம் மட்டுமே. மிகக் கொடிய சிற்றலைக் கதிர்களை ஓசோன் படலம் வடிகட்டிவிடுகிறது. மிஞ்சி வருவது ஏறத்தாழ 290 முதல் 400 நானோமீட்டர் அலைநீளம் உள்ளவை. பங்கு சிறியது என்றாலும் இவற்றின் ஒவ்வொரு ஒளித்துகளும் சுமந்து வரும் சக்தி அதிகம். பிளாஸ்டிக்கின் முதுகெலும்பான கார்பன்-கார்பன் பிணைப்பை முறிக்க எவ்வளவு சக்தி தேவையோ, அதைவிடக் கூடுதல் சக்தி 300 நானோமீட்டர் கதிரில் இருக்கிறது.

இதில் ஒரு விநோதம் உண்டு. முற்றிலும் தூய பாலி எத்திலீன் இந்தக் கதிர்களை உறிஞ்சுவதே இல்லை. உறிஞ்சாத ஒளி சேதம் செய்யாது. ஏட்டின்படி பார்த்தால் பாலித்தீன் தாள் வெயிலில் ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடக்க வேண்டும். ஆனால் தொழிற்சாலையில் சுமார் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பிசினை உருக்கி ஊதித் தாளாக்கும்போதே காற்றிலுள்ள ஆக்சிஜன் அங்கங்கே ஒட்டிக்கொள்கிறது. வினையூக்கியின் எச்சமும் அணுவளவு தங்கிவிடுகிறது. இந்தச் சிறு மாசுகள்தாம் கதிரை உள்ளே அழைக்கும் வாசல்கள்.

கதிர் பட்டதும் மூலக்கூறு முறிந்து ‘தனி உறுப்புகள்’ என்று வேதியியல் பாடநூல்கள் சொல்லும் முரட்டுத் துண்டுகள் பிறக்கின்றன. அவை ஆக்சிஜனோடு சேர்ந்து பெராக்சைடுகளாகின்றன. பெராக்சைடு மறுபடி கதிர் பட்டு உடைந்து மேலும் இரண்டு முரட்டுத் துண்டுகளைக் கொடுக்கிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, சங்கிலி தொடர்கிறது. வைக்கோல் போரில் விழுந்த பொறியின் கதைதான், வேகம் மட்டும் மாதக்கணக்கு. ஆயிரக்கணக்கான கார்பன் அணுக்கள் கோத்த நீண்ட சரங்கள் துண்டு துண்டாகின்றன. நீண்ட சரங்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடப்பதால்தான் தாளுக்கு இழுபடும் தன்மை இருக்கிறது. அவை குட்டையானதும் தாள் இழுபடாது, நொறுங்கும்.

வேதியியல் தெரியாதவர்களும் இதை அன்றாடம் பார்க்கிறார்கள். குடிசை மேல் போட்ட நீலத் தார்ப்பாய் ஒரு கோடை முடிந்ததும் விரலால் தொட்டாலே உதிர்கிறது. மொட்டைமாடியில் விட்டுவைத்த பிளாஸ்டிக் வாளி பிடித்துத் தூக்கியதும் கையோடு வருகிறது. மூட்டைச் சாக்கு நார் நாராகப் பிரிகிறது. எல்லாம் ஒரே வியாதி.

ஒரு விபத்தின் வாரிசு

பாலி எத்திலீன் பிறந்ததே ஒரு விபத்தில். 1933 மார்ச்சில் இங்கிலாந்தின் வின்னிங்டனில் உள்ள ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வகத்தில் ரெஜினால்ட் கிப்சனும் எரிக் ஃபாசெட்டும் எத்திலீன் வாயுவை மிக அதிக அழுத்தத்தில் வேறு ஏதோ பரிசோதனைக்கு உட்படுத்தினார்கள். எதிர்பார்த்தது வரவில்லை. பாத்திரத்தின் அடியில் மெழுகு போன்ற வெள்ளைப் பொருள் ஒட்டியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் அது ரேடார் கேபிள்களின் உறையானது. போர் முடிந்ததும் பைகளும் தாள்களும் வந்தன.

அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் தோட்டக்கலைப் பேராசிரியராக இருந்த ஈ.எம். எம்மர்ட், கண்ணாடி வீடு கட்டப் பணமில்லாத நிலையில் 1948-ல் மரச் சட்டத்தின் மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திச் செடி வளர்த்தார். செல்லுலோஸ் தாளில் ஆரம்பித்துப் பின்னர் பாலித்தீனுக்கு மாறினார். கண்ணாடியைவிடப் பல மடங்கு மலிவு. குறை ஒன்றே ஒன்று. வருஷா வருஷம் மாற்ற வேண்டியிருந்தது.

இந்தியாவில் இந்த விவகாரம் அரசின் கவனத்துக்கு வந்தது 1981-ல். விவசாயத்தில் பிளாஸ்டிக் பயன்பாட்டுக்கான தேசியக் குழு அந்த ஆண்டு அமைக்கப்பட்டது. வதோதராவில் இருந்த பொதுத்துறை நிறுவனமான ஐ.பி.சி.எல். விவசாயத் தாள்களைப் பரப்புவதில் முன்னே நின்றது. (2002-ல் அது ரிலையன்ஸ் வசம் போய், 2007-ல் அந்த நிறுவனத்தோடு இணைந்தது.) 1991-க்குப் பிறகு பொருளாதாரக் கதவு திறந்ததும் புனே, பெங்களூர், ஓசூர், ஹைதராபாத் சுற்றுப்புறங்களில் ஏற்றுமதி மலர்ப் பண்ணைகள் முளைத்தன. ரகம் ஹாலந்திலிருந்தும் தொழில்நுட்பமும் தாளும் வெளிநாட்டிலிருந்தும் வந்தன. அவற்றில் பல பண்ணைகள் நஷ்டத்தில் மூழ்கினாலும் பசுமைக்குடில் இந்தியாவில் தங்கிவிட்டது. இன்று குடமிளகாய், வெள்ளரி, ஜெர்பரா, கார்னேஷன் என்று இமாசலத்திலிருந்து நீலகிரி வரை அது பரவியிருக்கிறது.

குடை பிடிப்பதா, தீயை அணைப்பதா?

வெயிலிலிருந்து பிளாஸ்டிக்கைக் காப்பாற்ற மிகப் பழைய, மிக மலிவான வழி கரித்தூள். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியும் வயலில் ஓடும் சொட்டுநீர்க் குழாயும் கறுப்பாக இருப்பதற்குக் காரணம் அழகுணர்ச்சிக் குறைவு அல்ல. சுமார் 2.5 சதவீதம் நுண்ணிய கரித்தூள் கலந்தால் கதிர் மேற்பரப்பிலேயே நின்றுவிடும். அந்தக் குழாய் பத்து, பதினைந்து ஆண்டு தாங்கும். ஆனால் கூரைத் தாளுக்கு அது உதவாது. செடிக்கு வெளிச்சம் வேண்டுமே. பார்வைக்கு எட்டும் ஒளியை முழுசாக உள்ளே விட வேண்டும், தாளும் சாகக் கூடாது. இந்த முரண்பாட்டைத் தீர்க்கத்தான் ரசாயன வல்லுநர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் முயன்று வந்திருக்கிறார்கள்.

முதலில் வந்தவை குடை பிடிப்பவை. பென்சோஃபீனோன், பென்சோட்ரையசோல் குடும்பங்களைச் சேர்ந்த இந்தச் சேர்மங்கள் புற ஊதாக் கதிரைத் தாமே உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சிய வேகத்தில் மூலக்கூறுக்குள் ஒரு ஹைட்ரஜன் அணு இடம் மாறி, திரும்பப் பழைய இடத்துக்கே வரும். கதிரின் சக்தி தீங்கில்லாத வெப்பமாக வெளியேறும். உத்தி நல்லதுதான். ஆனால் குடைக்கு அடியில் நிற்க ஆழம் வேண்டும். கனமான பலகையில் மேல்பரப்பு மட்டும் அடிபட்டு உள்ளே இருப்பது தப்பிக்கும். 200 மைக்ரான் தாளுக்கு மேல்பரப்பு என்ன, உள்பகுதி என்ன? தவிர, சிறிய மூலக்கூறுகளான இவை வெப்பத்தில் மெல்லத் தாளின் மேலே கசிந்து மழையில் கழுவப்பட்டுப் போகும்.

அடுத்து நிக்கல் சேர்மங்கள். பழைய பசுமைக்குடில் தாள்களில் தெரிந்த லேசான பச்சை நிறம் இவற்றின் உபயம். கிளர்ச்சியுற்ற மூலக்கூறிடமிருந்து சக்தியை வாங்கி அடக்கிவிடும். பூச்சிமருந்துக்கும் ஓரளவு ஈடுகொடுக்கும். ஆனால் நிக்கல் ஒரு கன உலோகம். தாள் மக்கி மண்ணில் கலந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி எழுந்ததும் உலகச் சந்தை மெதுவாக அதைக் கைவிட்டது.

உண்மையான புரட்சி 1970-களில் வந்தது. அதற்கு முந்திய பத்தாண்டில் சோவியத் வேதியியலாளர்கள் நைட்ராக்சில் என்ற விசித்திரமான, நிலையான தனி உறுப்புகளை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அந்த அறிவை அடிப்படையாக வைத்து ஜப்பானின் சாங்கியோ நிறுவனமும் சுவிட்சர்லாந்தின் சிபா-கைகி நிறுவனமும் ‘ஹிண்டர்ட் அமீன்’ நிலைப்படுத்திகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. தொழில் வட்டாரத்தில் இதன் சுருக்கப் பெயர் ஹால்ஸ். இருமல் மிட்டாயை ஞாபகப்படுத்தினாலும் சம்பந்தம் எதுவும் இல்லை.

ஹால்ஸ் கதிரை உறிஞ்சுவதே இல்லை. குடை பிடிப்பது அதன் வேலை அல்ல. கதிர் உள்ளே வந்து ஒரு சரத்தை முறித்து முரட்டுத் துண்டு ஒன்று பிறந்ததும், அதைப் பிடித்து அடக்கிவிடுகிறது. அடக்கிய பிறகு தானும் செத்துப்போவதில்லை. ஒரு சுற்று வந்து பழைய நிலையை அடைந்து மறுபடி வேலைக்குத் தயாராகிவிடுகிறது. ஒரே ஆள் திரும்பத் திரும்பத் தீயை அணைப்பது போன்ற ஏற்பாடு. தாள் எவ்வளவு மெலிதானாலும் கவலையில்லை. பின்னர் இதையே நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாகக் கோத்ததால், தாளிலிருந்து கசிந்து வெளியேறும் பிரச்னையும் பெருமளவு தீர்ந்தது. இன்றைய நல்ல தாள்களில் ஹால்ஸும் குடை பிடிக்கும் சேர்மமும் கூட்டாகவே இருக்கும்.

அளவு எவ்வளவு? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 200 மைக்ரான் தாள் சதுர மீட்டருக்குச் சுமார் 184 கிராம். ஒரு ஏக்கர் குடிலின் மேற்கூரையும் பக்கங்களும் சேர்த்து 5,500 சதுர மீட்டர் தாள் பிடிக்கும் என்று வைத்தால் எடை ஏறத்தாழ ஒரு டன். அதில் நிலைப்படுத்தியின் பங்கு நூற்றுக்கு அரையிலிருந்து ஒன்று வரை. அதாவது ஐந்திலிருந்து பத்துக் கிலோ. ஏக்கர் முழுதும் நிற்கும் பயிரின் தலையெழுத்து இந்த ஐந்து, பத்துக் கிலோவில் இருக்கிறது.

மருந்தே விஷம்

ஹால்ஸுக்கு ஒரு பலவீனம் உண்டு. இந்திய விவசாயிகளில் பலர் தெரியாமல் கை வைப்பது அங்கேதான். அமீன் என்பது காரத் தன்மை உள்ளது. அமிலம் பட்டால் அதனோடு சேர்ந்து உப்பாகி முடங்கிவிடும்.

ரோஜாவுக்கும் குடமிளகாய்க்கும் பரம வைரி சாம்பல் நோய். அதற்குக் கைகண்ட மருந்து கந்தகம். தெளிப்பார்கள், தூவுவார்கள், மின்சாரச் சட்டியில் வைத்து இரவெல்லாம் ஆவியாக்குவார்கள். பூசணம் ஒடுங்கும். ஆனால் அந்தக் கந்தகம் தாளின் உட்புறத்தில் படிந்து, ஈரமும் வெயிலும் சேர்ந்து அமிலமாகிறது. தாளைக் காவல் காக்கும் அமீன் ஒவ்வொன்றாக முடங்குகிறது. குளோரின் கலந்த பூச்சிமருந்துகளும் இதே வேலையைச் செய்கின்றன. செடியைக் காப்பாற்ற அடித்த மருந்து கூரையைக் கொல்கிறது. வெளியே வெயிலில் ஐந்து ஆண்டு தாங்கும் தாள், கந்தகம் அதிகம் புழங்கும் குடிலில் அதில் பாதியைக் கூடத் தாண்டாமல் போகலாம்.

தாள் நிறுவனங்கள் இதற்கு வைத்திருக்கும் பதில் உத்தரவாதப் பத்திரத்தின் சின்ன எழுத்துகளில் இருக்கும். தாளில் கந்தகமும் குளோரினும் குறிப்பிட்ட அளவைத் தாண்டியிருந்தால் உத்தரவாதம் செல்லாது. புகார் வந்தால் கிழிந்த தாளின் துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பிக் கந்தகத்தை அளப்பார்கள். வாதம் அங்கே முடிந்துவிடும். அமிலத்தால் எளிதில் முடங்காத புதிய தலைமுறை ஹால்ஸ்கள் வந்துவிட்டன. விலைதான் கூடுதல்.

இன்னொரு எதிரி, தாள் சாய்ந்திருக்கும் இரும்புச் சட்டமே. மே மாத வெயிலில் குழாய் கொதிக்கும். அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் கோட்டில்தான் தாள் முதலில் வெளுக்கும், முதலில் கிழியும். குழாயின் மேல்புறம் வெள்ளை வண்ணம் அடிப்பது, தாளும் இரும்பும் தொடும் இடத்தில் பட்டை ஒட்டுவது, தாளைத் தொய்வில்லாமல் இழுத்துப் பொருத்துவது ஆகிய எளிய காரியங்கள் பல மாத ஆயுளைக் கூட்டும். பி.வி.சி. குழாயின் மேல் பாலித்தீனை நேராக விரிப்பதும் தவறு. பி.வி.சி. சூடாகும்போது வெளிவரும் அமிலம் ஹால்ஸை முடக்கும்.

லே வெயில் வேறு, லெய்டன் வெயில் வேறு

‘ஐந்தாண்டுத் தாள்’ என்று முத்திரை குத்தி விற்கிறார்கள். எந்த ஊர் ஐந்தாண்டு? வெயிலை அளக்க இந்தத் தொழிலில் வழங்கும் அளவை ‘கிலோலாங்லி’. ஹாலந்தில் ஓராண்டு முழுக்க விழும் வெயில் 85 கிலோலாங்லி அளவில் நின்றுவிடும். மேற்கு ராஜஸ்தானில் ஏறத்தாழ இரண்டு மடங்கு. போதாததற்கு வெப்பமும் சேர்ந்து ரசாயன வினைகளை முடுக்கிவிடும். ஆக ஐரோப்பாவில் ஐந்து ஆண்டு உழைக்கும் அதே தாள் ஜோத்பூரில் இரண்டரை ஆண்டில் களைத்துப்போனால் அதில் ஆச்சரியம் இல்லை, மோசடியும் இல்லை. வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ‘எத்தனை ஆண்டு?’ என்பதல்ல. ‘எத்தனை கிலோலாங்லி?’ என்பதே.

லடாக்கின் கதை இன்னும் வேறு. லே நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக் கதிரின் வீரியம் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. மேகமும் குறைவு, காற்றும் மெலிது. குளிர்காலத்தில் பனி மூடிய தரை கதிரைத் திருப்பியும் அடிக்கிறது. ஆனால் அங்கேதான் பாலித்தீன் கூரைக்குத் தேவை அதிகம். சாலைகள் மூடிக்கொள்ளும் மாதங்களில் பச்சைக் காய்கறியைக் கண்ணால் பார்ப்பதே ஒரு காலத்தில் அபூர்வம். 1962-ல் லேயில் தொடங்கிய பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் ஆய்வகம், மலைப் பகுதியில் காய்கறி வளர்க்கும் வழிகளை ராணுவத்துக்காகவும் மக்களுக்காகவும் தேடியது. தரையில் பள்ளம் தோண்டி மேலே தாள் மூடும் குழிக் குடில், மூன்று பக்கம் மண்சுவரும் தெற்கே தாளும் உள்ள சூரியக் குடில் ஆகியவை அங்கே வேரூன்றின. வெளியே மைனஸ் 20 டிகிரி, உள்ளே கீரை. அந்தக் கீரைக்கும் பனிக்கும் நடுவே நிற்பது நிலைப்படுத்திய பாலித்தீன். மலைக் காற்றும் கதிரும் சேர்ந்து அதைக் கிழித்துவிட்டால், அந்தக் குடும்பத்துக்கு வசந்தம் வரும்வரை உலர்ந்த காய்கறிதான்.

இமாசலப் பிரதேச அரசு பழைய குடில்களின் தாளை மாற்றிக்கொள்வதற்கென்றே தனியாக ஒரு மானியத் திட்டம் வைத்திருக்கிறது. குடில் கட்ட மானியம் கொடுத்தால் மட்டும் போதாது, சட்டம் நின்றும் கூரை இல்லாமல் கிடக்கும் குடில்களால் யாருக்கும் பயனில்லை என்பதை ஒப்புக்கொண்ட நடவடிக்கை அது.

ஈயின் கண்ணைக் கட்டும் தாள்

தாளைக் காப்பாற்றக் கலந்த ரசாயனம் பயிருக்கும் உதவும் என்பது எதிர்பாராத லாபம். வெள்ளை ஈ போன்ற பூச்சிகள் வழி கண்டுபிடிக்கப் புற ஊதா ஒளியை நம்பியிருக்கின்றன. 380 நானோமீட்டருக்குக் கீழான கதிர்களை முற்றாக மறிக்கும் தாளுக்கு அடியில் அவற்றுக்குத் திசை தெரிவதில்லை. 1990-களில் இஸ்ரேலில் நடந்த ஆய்வுகள், அத்தகைய தாளின் கீழ் வளர்ந்த தக்காளியில் வெள்ளை ஈயும் அது பரப்பும் இலைச்சுருள் வைரஸும் கணிசமாகக் குறைந்ததைக் காட்டின. மருந்து தெளிப்பு குறைந்தால் தாளும் அதிகம் உழைக்கும். சிவப்பு ரோஜாவின் இதழ் ஓரம் கறுத்துப்போகும் கோளாறும் இவ்வகைத் தாளில் குறைகிறது.

ஆனால் எல்லாப் பயிருக்கும் இது பொருந்தாது. கத்திரிக்காயின் ஊதா நிறம் பிறக்க அந்தக் கதிர் வேண்டும். மறித்துவிட்டால் காய் வெளிறிப்போகும், சந்தையில் விலை போகாது. முலாம்பழத்துக்குத் தேனீ வேண்டும், தேனீக்கும் புற ஊதா ஒளி வேண்டும். இருட்டறையில் விட்டது போல அது தடுமாறும். எனவே ரோஜாவுக்குப் போட்ட தாளின் அடியில் அடுத்த பருவம் கத்திரி வைப்பவர் ஏமாறுவார். எந்தப் பயிருக்கு எந்தத் தாள் என்பது விதைத் தேர்வைப் போலவே முக்கியம். பல ஊர்களில் அதைத் தீர்மானிப்பது என்னவோ, குடில் கட்டிக்கொடுக்கும் ஒப்பந்தக்காரர்தான்.

கண்ணுக்குத் தெரியாத கலப்படம்

இங்கேதான் விவசாயியின் நிலை பரிதாபமாகிறது. உரத்தில் கலப்படம் என்றால் பயிர் அந்தப் பருவமே காட்டிக்கொடுத்துவிடும். தாளில் நிலைப்படுத்தியைப் பாதியாகக் குறைத்தாலும் வாங்கும் அன்று எந்த வித்தியாசமும் தெரியாது. அதே பளபளப்பு, அதே கனம், அதே இழுவை. பழைய பிளாஸ்டிக்கை உருக்கிக் கலந்தாலும் கண் ஏமாறும். உண்மை வெளிவர இரண்டு கோடை ஆகும். அதற்குள் ரசீது தொலைந்திருக்கும், ஒப்பந்தக்காரர் வேறு மாவட்டத்துக்குப் போயிருப்பார். தாளின் அடக்க விலையில் நிலைப்படுத்தி கணிசமான பங்கு என்பதால், போட்டி முற்றும்போது கை முதலில் போவது அங்கேதான்.

ஆய்வகம் ஏமாறாது. செனான் விளக்கின் செயற்கை வெயிலில் மாதக்கணக்கில் வாட்டி, இடையிடையே ஈரமும் ஊட்டி, தாளை இழுத்துப் பார்க்கிறார்கள். புதிதாக இருந்தபோது எவ்வளவு நீண்டதோ அதில் பாதிதான் நீள்கிறது என்றால் அந்தத் தாளின் ஆயுள் முடிந்ததாகக் கணக்கு. 1968-ல் சென்னை கிண்டியில் தொடங்கி நாடெங்கும் கிளை விட்டிருக்கும் சிபெட் நிறுவனத்தில் பிளாஸ்டிக் சோதனைக்கு வசதிகள் உண்டு. புனேயின் தேசிய ரசாயன ஆய்வகம் ஒளியால் பிளாஸ்டிக் சிதைவதையும் அதைத் தடுப்பதையும் நெடுங்காலமாக ஆராய்ந்திருக்கிறது. அறிவுக்கோ கருவிக்கோ பஞ்சமில்லை. ஒரு ஏக்கர் விவசாயியின் தாளை யார் அங்கே கொண்டுபோய்ச் சோதிப்பது என்பதுதான் கேள்வி. மானியம் கொடுக்கும் துறை தாளின் கனத்தை அளக்கிறது, ரசீதைச் சரிபார்க்கிறது. கனம் ஆயுளுக்குச் சாட்சி அல்ல. ஒவ்வொரு சுருளிலிருந்தும் ஒரு முழத் துண்டை வெட்டி, தயாரிப்பு எண்ணோடு விவசாயியிடமே ஒப்படைக்கச் சொன்னால் கூடப் பிற்பாடு வழக்குக்கு ஓர் ஆதாரம் மிஞ்சும்.

சாகவும் வேண்டும்

கடைசியாக ஒரு சங்கடம். ஒரு பக்கம் பிளாஸ்டிக் அழியவில்லை என்று உலகம் புலம்புகிறது. மறுபக்கம் பிளாஸ்டிக் அழியாமலிருக்க இத்தனை பாடு. இரண்டும் உண்மைதான். நொறுங்குவது வேறு, மக்குவது வேறு. வெயில் பட்டு உதிர்ந்த தாள் மறைந்துவிடுவதில்லை, கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாகி மண்ணில் தங்குகிறது. செடிகளின் வேரடியில் விரிக்கும் மெல்லிய நிலப்போர்வைத் தாள் இதற்கு நல்ல உதாரணம். சீனாவில் பல ஆண்டுகள் மிக மெல்லிய தாளை விரித்து, அறுவடைக்குப் பின் அள்ள முடியாமல் விட்டதில் வயல்களே ‘வெள்ளை மாசு’ ஏறிக் கிடந்தன. தாளின் குறைந்தபட்சக் கனத்தை 10 மைக்ரானாக உயர்த்தி 2017-ல் அந்நாடு புதிய தரம் வெளியிட்டது. முழுசாகச் சுருட்டி எடுக்கிற அளவுக்குத் தாள் வலுவோடு இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். நிலைப்படுத்தி இங்கே சுற்றுச்சூழலின் நண்பன்.

இதற்கு நேர் எதிராக, இரும்பு, மாங்கனீஸ் உப்புகளைக் கலந்து தாளைச் சீக்கிரமே நொறுங்க வைத்து ‘மக்கும் பிளாஸ்டிக்’ என்று விற்றவர்களும் உண்டு. ஐரோப்பிய யூனியன் அவ்வகைப் பொருள்களை 2021 ஜூலை முதல் தடை செய்துவிட்டது.

நண்பர்களிலும் சந்தேகத்துக்கு உரியவர்கள் இருக்கிறார்கள். குடை பிடிக்கும் பென்சோட்ரையசோல் குடும்பத்தைச் சேர்ந்த யு.வி.-328 என்ற சேர்மம் எளிதில் சிதையாமல், உயிரினங்களின் உடலில் சேர்ந்து, கடற்பறவைகள் வரை போய்ச் சேர்ந்திருப்பது தெரியவந்தது. 2023 மே மாதம் ஜெனிவாவில் கூடிய ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் அதை ஒழிக்கப்பட வேண்டிய நச்சுகளின் பட்டியலில் சேர்த்தன. மாற்று உண்டு என்பதால் தாள் தொழில் இதனால் நின்றுவிடாது. தாளில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு என்பதை அது நினைவுபடுத்துகிறது.

ஆயுள் முடிந்த கூரைத் தாளைப் பழைய சாமான் வியாபாரிகள் எடைக்கு வாங்கிப் போகிறார்கள். உருக்கினால் மட்டரகக் குழாயாகவோ தாளாகவோ மறுபிறவி எடுக்கும். ஆனால் அதிலிருந்த நிலைப்படுத்தி ஏற்கெனவே செலவாகியிருக்கும். புதிதாகச் சேர்க்காவிட்டால் அந்த மறுபிறவியும் அற்பாயுள்தான். தயாரிப்பாளரே கழிவுக்குப் பொறுப்பு என்று 2022 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகள் பேக்கிங் பிளாஸ்டிக்கைக் குறிவைத்தவை. வயல்வெளித் தாள் அதன் வரம்புக்குள் வரவில்லை. கரை ஓரம் குவித்து வைத்துத் தீ வைப்பதுதான் பல இடங்களில் இன்னும் வழக்கம்.

வெயிலைக் கட்டுப்படுத்த யாராலும் முடியாது. பத்துக் கிலோ ரசாயனத்தை ஒழுங்காகக் கலந்தார்களா என்று பார்ப்பது முடியாத காரியம் அல்ல. ஒரு டன் தாளில் அந்தப் பத்துக் கிலோ இருக்கிறதா இல்லையா என்பதில்தான் ஒரு குடும்பம் கடனை அடைக்குமா, கடனில் மூழ்குமா என்பது இருக்கிறது.

தாள் வாங்குமுன்...

* உத்தரவாதத்தை ஆண்டில் மட்டுமல்லாமல் கிலோலாங்லி கணக்கிலும் எழுதி வாங்குங்கள். கந்தகம், குளோரின் வரம்பு என்ன என்று அதில் பாருங்கள்.

* பயிரின் பெயரைச் சொல்லித் தாள் கேளுங்கள். ரோஜாவுக்கான தாள் கத்திரிக்கு ஆகாது.

* ரசீது, சுருள் எண், ஒரு முழத் துண்டு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். துண்டை இருட்டில் வையுங்கள்.

* இரும்புக் குழாயின் மேல்புறம் வெள்ளை வண்ணம் அடித்துக் காய்ந்த பிறகே தாளை விரியுங்கள். கூர்மையான முனைகளை மூடுங்கள்.

* கந்தகம் தவிர்க்க முடியாதது என்றால் குறைந்த அளவில் பயன்படுத்துங்கள். மறுநாள் பக்கத் திரைகளைச் சுருட்டிக் காற்றோட்டம் விடுங்கள்.

* வருடத்துக்கு இரண்டு முறை தாளைத் தண்ணீரால் கழுவுங்கள். படிந்த புழுதி வெளிச்சத்தைத் திருடும்.

* கழற்றிய தாளை எரிக்காதீர்கள். மண்ணை உதறிச் சுருட்டி, மறுசுழற்சிக்கு எடுப்பவரிடம் கொடுங்கள்.